தலைமாட்டில் நின்றவள்

மயக்க மருத்துவர் செய்யக்கூடாத பாவம் ஒன்று உண்டு: மருந்து கொடுத்த ஆளை அப்படியே போட்டுவிட்டு ஓடுவது. அதை நான் முதுகலைப் படிப்பின் முதல் வருடத்திலேயே, அதுவும் முதன்முதலாகத் தனியாகப் பார்த்த கேஸிலேயே செய்துவிட்டேன். (சிலருக்கு எல்லாமே சீக்கிரம் கைகூடும்.)

தென்காசியில் அது சாரல் நேரம். மத்தியானம் மூன்று மணிக்கே ஆபரேஷன் தியேட்டர் ஜன்னல் இருட்டிக் கிடந்தது. மேலகரத்து அண்ணாச்சி ஒருவர் காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்தில் குளிக்கப் போய், பாறையில் வழுக்கி விழுந்து, தோள் மூட்டு நழுவி வந்திருந்தார். மூட்டை இழுத்து உள்ளே தள்ள வேண்டும். பத்து நிமிட வேலை, கெட்டமின் போதும். அந்த மருந்தைப் போட்டால் ஆள் கண்ணைத் திறந்தபடி கிடப்பார், சமயத்தில் பேசக்கூடச் செய்வார், வலி மட்டும் தெரியாது.

"இன்னைக்கு நீயே தனியாப் பாருட்டி" என்றார் எங்கள் சீஃப் மேடம். "நான் வெளிய டீ குடிச்சிட்டு இருக்கேன். தலைமாட்டை விட்டு நகரப்பிடாது. நகந்தேன்னு வையி, மூணு மாசத்துக்கு நீ மருந்து டிரேதான் அடுக்கணும்."

அந்த 'தனியா'வுக்காக நான் ஏற்கனவே எட்டு மாதம் டிரே அடுக்கியிருந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். (நிமிர்ந்த நெஞ்சு எத்தனை நிமிடம் தாங்கியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

கெட்டமின் போடும்போது நல்லதாக ஏதாவது நினைக்கச் சொல்வோம். எதை நினைத்துக்கொண்டு போகிறார்களோ கனவும் அந்த வழியிலேயே போகும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஊரில் இதற்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை, எல்லாருக்கும் ஒரே வசனம்தான். மருந்தை ஏற்றிக்கொண்டே நானும் சொன்னேன்: "அண்ணாச்சி, அருவிக்கு அடியில ஜம்முன்னு நிக்கிற மாதிரி நினைச்சுக்கிடுங்க."

காலையில் அருவியில் விழுந்து கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த மனுசனிடம்! இதைவிடக் கூறுகெட்ட பேச்சு உண்டா?

அவர் கண்கள் அசைவில்லாமல் நின்றன. எலும்பு டாக்டர் அண்ணாச்சியின் கையைப் பிடித்து, தன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தார். நான் தலைமாட்டில் நின்று தாடையைத் தூக்கிப் பிடித்தேன். அப்போது அண்ணாச்சியின் கண் மெதுவாக மேலே ஏறி, என் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

"ஏட்டி, தண்ணி கூடுது" என்றார். "உன் பின்னால ஒருத்தி நிக்கா பாரு. தல நனஞ்சி நிக்கா."

"இந்த மருந்துக்கு எல்லாரும் இப்படித்தான் எதையாவது உளறுவாங்க டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சிஸ்டர் கைக்கட்டு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். அவர் போனதும் தலைமாட்டில் நான் மட்டும்தான். அண்ணாச்சி என் பின்னால் பார்த்து, தெரிந்த பிள்ளையைக் கண்ட மாதிரிச் சிரித்தார்.

"வா தாயி. இங்கன வா."

என் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதே நேரம், அவர் நெஞ்சில் இதயத் துடிப்புப் பார்க்க நான் ஒட்டியிருந்த வில்லைகள் நல்லெண்ணெயில் வழுக்கிக் கழன்று, இதயக் கோடு நேராக ஓட, மானிட்டர் கூவ ஆரம்பித்தது.

படிப்பாவது, பாடமாவது! "எம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். ஒற்றைச் செருப்போடு நடைபாதைக்கு வந்தபோது எதிரே டீ கிளாசோடு சீஃப் நின்றார்.

"மேடம், பின்னால... ஒருத்தி..."

"பேஷன்ட் எங்கட்டி?"

அப்போதுதான் உறைத்தது. பேயெல்லாம் பறந்துபோய், அதைவிடப் பெரிய பயம் வந்தது. நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைத்திருந்தால்? பெஞ்சில் ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னை நம்பித்தானே உள்ளே விட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்ப ஓடினேன்.

அண்ணாச்சி முகவாய் நிமிர்ந்து, சீராக மூச்சுவிட்டுக் கிடந்தார். தோளும் உள்ளே போயிருந்தது. மேலே ஏசி ஒழுகித் தலையணை ஓரம் நனைந்திருந்தது. மானிட்டரைத் தட்டிப் பார்த்தோம்: ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பதை விட்டு இறங்கவே இல்லை.

"கெட்டமின்ல மூச்சு லேசில நிக்காது. அதான் அவரும் பொழச்சாரு, நீயும் பொழச்ச" என்றார் சீஃப். மறுநாளிலிருந்து டிரே.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணாச்சி கேட்டார்: "அந்தப் பிள்ளை எங்கம்மா?"

"எந்தப் பிள்ளை?"

"தல நனஞ்சி நின்னாள்லா. நீங்க அங்கிட்டு ஓடினதும் அவதான் வந்து இங்கன பிடிச்சித் தூக்கிட்டு நின்னா. என்ன குளுந்த கை!" என்று நல்ல கையின் விரல்களைத் தாடையின் பின்மூலையில் வைத்துக் காட்டினார். அதே பிடி. அது எனக்குச் சரியாக வர நான்கு மாதம் பிடித்திருந்தது.

நேரே எலும்பு டாக்டரிடம் போனேன். "நான் ஓடினப்போ தலைமாட்டில யாரு இருந்தா?"

"நீங்க எப்ப ஓடினீங்க?" என்றார் அவர். "கண்ணை மூடி இழுத்துட்டு இருந்தேன். மானிட்டர் கூவினதுல வேற ஒண்ணும் காதுல விழல. தலையை நல்லாப் பிடிங்கன்னு சொன்னேன். பிடிச்சீங்களே!"

அந்த மனிதரைத்தான் பின்னால் கட்டிக்கொண்டேன். (அவரும் அன்று இரவு தூங்கவில்லையாம். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.) இப்போதெல்லாம் கேஸ் முடியும்வரை யார் கூப்பிட்டாலும் நான் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை. வீட்டில்தான் அந்த ஒழுக்கம் கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் எழுந்து போனால் போதும், "ஏட்டி, நீ போ, அவ பாத்துக்கிடுவா" என்பார் என் வீட்டுக்காரர். மாமியார் முதல் மச்சினன் வரை வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பாலை மறந்தே போன நாள் எத்தனையோ உண்டு. இதுவரை ஒரு நாளும் பொங்கி வழிந்ததில்லை.