நல்ல நேரத்தில் நனைந்த மண்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு மேல் படித்திருந்தால் கல் பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன், நாட்டுக்குத்தான் நஷ்டம். அந்த இயந்திரம் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். குருபோங் பக்கம் ஒரு செங்கல் சூளையில் மண் மிதிக்கும் வேலை எனக்கு. எருமைகள் நாலு காலால் மிதிக்கும், நான் ரெண்டு காலால். மண்ணில் ஒரு சின்னக் கல் தங்கினாலும் சூளையில் செங்கல் வெடித்துவிடும். அதனால் ஆள் போட்டுப் பொறுக்குவார்கள். நான் ஒரு எண்ணெய் பீப்பாயில் ஆணியால் ஓட்டை போட்டு, சாய்த்துப் படுக்க வைத்து, பழைய சைக்கிள் பெடலையும் சங்கிலியையும் பூட்டினேன். பெடலை மிதித்தால் பீப்பாய் சுழன்று மண் ஓட்டை வழியாக உதிரும், கல் மறுமுனையில் விழும். ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. (காய்ந்த மண்ணில்.)

கஜா பெராங்கில் மளிகைக் கடை வைத்திருந்த சிவசாமி மாமா, மண் மிதிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லியிருந்தார். இயந்திரம் ஓடினால் என்னை ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆக்குவதாகச் சூளை முதலாளி தவுக்கே வாக்குக் கொடுத்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரமும் குறித்துக் கொடுத்தார்.

அன்று விடியும்போதே மழை. மத்தியானம் வரை மண் காயட்டும் என்று தவுக்கே மலாயில் சொன்னார். மாமா கேட்கவில்லை. பத்தரைக்கு ராகு காலம், அதற்கு மேல் நாளே சரியில்லையாம். (எந்தப் பஞ்சாங்கத்தில் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.) மாமாவுக்குப் பக்கத்தில் அவர் மகள் சரசு. நான் என்ன செய்தேன் தெரியுமா? நெஞ்சை நிமிர்த்தி, என் இயந்திரம் கடலுக்கடியில் இருக்கிற மண்ணையும் பிரிக்கும் என்றேன்.

பீப்பாய்க்குச் சந்தனம் பூசி, மாமா கையால் தேங்காய் உடைத்து, மண்ணைக் கொட்டினோம். மிதித்தேன். ஒரு பொடி உதிரவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். உள்ளே ஏதோ உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. வியர்வையில் என் நெற்றி விபூதி கண்ணுக்குள் இறங்கியது. எருமைகள் கூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. கடைசியில் பீப்பாயிலிருந்து பூசணிக்காய் அளவில், வழவழவென்று ஒரு மண் உருண்டை விழுந்து, உருண்டுபோய் மாமா காலடியில் நின்றது. அவர் குடைக் கம்பியால் பிளந்தார். அத்தனை கல்லும் உள்ளே பத்திரமாக இருந்தது.

"கல்லையும் மண்ணையும் பிரிச்சுக் காட்டுறேன்னு கூப்பிட்ட. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கியே தம்பி."

சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஈரத்துல ஓடாதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார் மாமா.

"தெரியும் மாமா."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"நேரம் குறிச்சது நீங்க. முடியாதுன்னு சொன்னா பொண்ணு குடுப்பீங்களா?"

மாமா உருண்டையைக் குடையால் ஓரமாகத் தள்ளினார். பிறகு தவுக்கேயிடம் போய், தப்பு பையன்மேல் இல்லை, தான் குறித்த நேரத்தின்மேல் என்றார். அந்த மனுஷன் தன் தப்பை ஒத்துக்கொண்டதை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரையே சாய்த்த இயந்திரம் என்னுடையது.

மூன்றாம் நாள் வெயிலில் அது குதிரை மாதிரி ஓடியது. மண்டோர் ஆனேன். தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நல்ல நேரம் குறித்தால், பெரியவர்கள் தலையாட்டி முடித்ததும் ஒருத்தி எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள். "மழை இல்ல, தைரியமா நடத்துங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். அந்த ஒருத்தியை, என் சரசுவை, நான் முறைப்பேன்.