அடுப்புக்குப் பொட்டு வைத்தவர்

பல வருடங்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். எதையாவது துடைத்து முடித்த ஆண்களில் சிலர் அதைவிட்டு இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, யாராவது பாராட்டமாட்டார்களா என்று நிற்பார்கள். பெண்கள் தினமும் துடைக்கிறார்கள். பின்னால் போய் நிற்க அவர்களுக்கு நேரம் ஏது?

இந்த இனத்துக்குச் 'சுத்தக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். சாதாரண நாளில் இவரை அடையாளம் காண முடியாது. குடித்த காப்பிக் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்தான். ஆனால் பண்டிகை நெருங்கட்டும்: பழைய பனியனும் மடித்துக் கட்டிய கைலியுமாக, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, "நீங்க மேலாப்புலதான் துடைப்பீங்க, உள்ள யாரு பாக்குறது?" என்று கேட்டபடி சமையலறைக்குள் வந்து, நேற்றுவரை எந்தத் தொந்தரவும் தராமல் எரிந்துகொண்டிருந்த காஸ் அடுப்பைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி, நாரால் தேய்த்து, பல் துலக்கும் பிரஷால் குடைந்து, திரும்பப் பூட்டி முடிக்கும்போது தாளில் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும்.

"இது எக்ஸ்ட்ரா," என்பார்.

எந்தக் கம்பெனி எக்ஸ்ட்ரா திருகாணி போட்டு அடுப்பு விற்கிறது?

சிங்கப்பூரில், எங்கள் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி செல்லக்கண்ணு அண்ணன். துறைமுகத்தில் வேலை. எழுபத்தொன்பதில் மகளைக் கட்டிக்கொடுத்தார். அடுத்த தையில் தலைப்பொங்கல். மகளும் மருமகன் தனசேகரனும், அவருடைய பெற்றோரோடு பிடோக்கிலிருந்து காலையிலேயே வருவதாக ஏற்பாடு. சம்பந்தியம்மா நல்ல நேரம் பார்ப்பதில் கறாரானவர். அந்த நேரத்துக்குள் பால் பொங்காவிட்டால், வந்த மருமகளின் ராசி சரியில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அண்ணனின் மனைவி மங்களம் அக்காவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

போகியன்று அண்ணன் அடுப்பைக் கழுவினார். அதோடு விட்டாரா? பளபளத்த அடுப்பைப் பார்த்ததும் பக்தி வந்துவிட்டது. தேக்கா கடைத்தெருவில் வாங்கிய சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைப்பதுபோல இரண்டு பர்னரிலும் வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, போதாதென்று திருநீற்றையும் நீர் விட்டுக் குழைத்துப் பட்டை பட்டையாக இழுத்தார். சாமி காரியம் என்று அக்கா அதைத் தொடவில்லை. ராத்திரி முழுக்க அது இறுகிக் காய்ந்தது.

காலையில் விருந்தாளிகள் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் அழைத்ததால் நானும் அங்கே இருந்தேன். மஞ்சள் கொத்து கட்டிய பானையில் பால் தயார். அக்கா அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். ஓர் ஓரத்தில் மட்டும் நீலமாக எட்டிப் பார்த்த தீ, கூட்டத்தைக் கண்டு வெட்கப்பட்டதுபோல உள்ளே போய்விட்டது. பக்கத்து அடுப்பும் அப்படியே.

சுத்தக்காரரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"நீ எதைத் தொட்டே?"

"பானையத் தொட்டேன். அது குத்தமா?"

அடுத்த குற்றவாளி காற்று. எல்லா ஜன்னலையும் சாத்தினார். அதற்கடுத்து சிலிண்டர். அதைக் குழந்தையைப்போல அணைத்துத் தூக்கிக் குலுக்கினார். சத்தம் கேட்டு, கீழ்மாடிப் பரமசிவம் ஏறி வந்தார். இந்த இனத்தில் ஒருவர் திணறினால் இன்னொருவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

"ரெகுலேட்டர்தான் லா. எங்க வீட்டுலயும் கழுவின மறுநாள் இப்படித்தான் ஆச்சு."

"அப்புறம் எப்படி எரிய வச்சீங்க?"

"புது அடுப்பு வாங்கிட்டோம்."

சந்தனத்தை மட்டும் இருவரும் சந்தேகப்படவில்லை. அதன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்? காஸ் வாடை ஹால்வரை போனதும் அக்கா அடுப்பை மூடிவிட்டு ஜன்னல்களைத் திறந்தார்.

"நேரம் போகுதே, சம்பந்தி?" ஹாலிலிருந்து குரல் வந்தது. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆமினா பீவி வாசலில் வந்து நின்றார். "என்னா மங்களம், இன்னும் பொங்கலோ பொங்கல் சத்தத்தையே காணோம்?"

"அடுப்பு எரியலக்கா."

"அதுக்கு ஏன் இப்படி நிக்கிறே? என் அடுப்பு சும்மாத்தானே கிடக்கு. தூக்கு பானைய!"

அக்கா அசையவில்லை. தலைப்பொங்கல் பானை வீட்டு வாசலைத் தாண்டலாமா? சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். பானையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டார்.

"என்னாத்த பாக்குறீங்க? நேரத்துக்குள்ள பொங்கணும், அவ்வளவுதான். நடங்க!"

அவர் நேரத்தில்தான் கறார். இடத்தில் இல்லை. இது தெரியாமல் ஒரு வாரத் தூக்கம் வீணாகிவிட்டது.

ஆமினா பீவி வீட்டு அடுப்பில் பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. 'பொங்கலோ பொங்கல்' என்று எல்லாரும் கத்தியதில், கத்த வேண்டுமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆமினா பீவியும் சேர்ந்துகொண்டார். "என் மருமக கைராசி பாருங்க, எப்படிப் பொங்குது!" என்றார் சம்பந்தியம்மா. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல். "எரிஞ்சிருச்சு! எரிஞ்சிருச்சு!"

போய்ப் பார்த்தோம். அண்ணன் கையில் ஊசி. பர்னரின் ஓட்டைகளிலிருந்து குத்தி எடுத்த சந்தனம் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது.

"சந்தனத்தை அப்பிட்டு என்னைக் கேட்டீங்களே, எதைத் தொட்டேன்னு?" என்றார் அக்கா.

அண்ணன் அசரவில்லை. "கலப்படச் சந்தனம். அசலா இருந்தா அதுபாட்டுக்கு எரிஞ்சிருக்கும்."

பரமசிவம் தலையாட்டி ஆமோதித்தார்.

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் துடைத்த மின்விசிறி அதற்குப் பிறகும் சத்தமில்லாமல் சுற்றுகிறதா? நீங்கள் எண்ணெய் போட்ட தையல் மெஷினில் யாராவது தைக்கிறார்களா? "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று உங்கள் வீட்டில் சொல்வது பண்டிகைக்கு முன்னால் மட்டும்தானா? அதை அன்பு என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மங்களம் அக்கா வீட்டு அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது. அண்ணன் வேலைக்குப் போன பிறகுதான் அவர் அதைத் துடைக்கிறார்.