காரின் மூளையைக் காலடியில் வைத்த கதை

தனியாக இருக்கிறவன் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைக்கக் கூடாது. குடும்பஸ்தன் எதையாவது கழற்ற உட்கார்ந்தால், ‘நல்லாத்தானே ஓடுது, அத எதுக்கு நோண்டுறீங்க’ என்று கேட்க வீட்டில் ஒரு வாய் இருக்கும். கேட்க ஆளில்லாதவன் கடைசித் திருகாணி வரைக்கும் போய்விடுவான். நான் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் எனக்கு ஒரு டிவி ரிப்பேர் கடை இருந்தது. போர்டில் ‘எலக்ட்ரானிக்ஸ் நிபுணர்’ என்று எழுதியிருக்கும் (எழுதியவன் நான்தான், நம்பியவனும் நான்தான்). அப்பாவும் அம்மையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே பெரிய வீடு, அதில் நான் ஒருத்தன். கடையில் முடியாத டிவிகளை வீட்டுக்குக் கொண்டு வருவேன். வீட்டில் பேசுகிற குரல் என்று கேட்டது அவற்றின் குரல்தான். அவையும் சரியானதும் போய்விடும். அதனாலேயே சில டிவிகளைச் சரிசெய்ய நான் வேண்டுமென்றே நாள் கடத்தியதுண்டு.

எனக்கு ஒரே அண்ணன், ராஜன். கல்ஃபில் வேலை. மதினியும் பிள்ளையும் காட்டாக்கடையில் மதினியின் அப்பா வீட்டில் இருந்தார்கள். அண்ணன் லீவில் வந்தால் ஏர்போர்ட்டிலிருந்து நேரே காட்டாக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், நாலு மணிக்கு வாட்ச்சைப் பார்ப்பான். அதோடு அடுத்த லீவுதான். அவனைக் குறை சொல்ல முடியாது, பிள்ளை அங்கே இருக்கிறது. ஆனால் அவன் வாட்ச்சைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாட்ச்சைப் பிடுங்கி ரிப்பேர் பண்ண வேண்டும்போல் இருக்கும்.

போன லீவில் அவன் ஒரு கார் வாங்கினான். கார்பரேட்டர் இல்லாத, கம்ப்யூட்டர் வைத்த கார். அப்போது அது எங்கள் பக்கத்தில் பெரிய அதிசயம். காட்டாக்கடை வீட்டுக்குக் கார் ஏறுகிற வழி கிடையாது என்பதால் என் வீட்டு மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனான். அப்படி எனக்கு ஒரு துணை கிடைத்தது. சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்து, எங்கேயும் போகாமல், பாட்டுக் கேட்டுவிட்டு இறங்குவேன்.

ஒருநாள் கடைக்கு அண்ணன் போன் பண்ணினான்.

“எலே, அடுத்த மாசம் வாறேன். இந்தத் தடவை நேரே நம்ம வீட்டுக்காக்கும். அம்மைக்க கல்லறைக்குப் போகணும். ரெண்டு நாளு உனக்க கூட இருந்துட்டு, பெறவு நம்ம காருலயே காட்டாக்கடைக்குப் போலாம். அவகிட்ட சொல்லியாச்சு.”

“சரிண்ணே.”

“காரு நல்லா ஓடுதா?”

“அதுக்கு என்னண்ணே, பொன்னு மாதிரி ஓடுது.”

பொய். மழை பெய்தால் கார் நின்றுவிடும். பானட்டைத் திறந்து பார்த்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே, எஞ்சின் பக்கத்து மூலையில், காரின் கம்ப்யூட்டர் பெட்டி நனைந்து உட்கார்ந்திருந்தது. கழற்றிக் குண்டு பல்பின் சூட்டில் காயவைத்தால் மறுபடி ஓடும். அண்ணன் வருவது ஜூனில், எடவப்பாதி மழை கொட்டுகிற நேரத்தில். வழியில் நின்றுவிட்டால் அவன் டாக்சி பிடித்துக் காட்டாக்கடைக்குப் போய்விடுவான், என் இரண்டு நாள் போய்விடும். எனக்கு அந்த இரண்டு நாளும் வேண்டும். கிறுக்குப் பிடித்த மாதிரி வேண்டும்.

நிபுணர் யோசித்தார். மழையை நிறுத்த முடியாது, பெட்டியை இடம் மாற்றலாம். எஞ்சின் பக்கத்திலிருந்து எடுத்து, ஆள் உட்காருகிற இடத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டால் எந்த மழை அங்கே வரும்?

பெட்டிக்குப் போகிற வயர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். டிவிகளிலிருந்து எடுத்த வயரை நடுவில் சேர்த்துப் பற்றவைத்து நீட்டினேன். என்னிடம் இருந்ததெல்லாம் சிவப்பு வயர். எது எதோடு சேர வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றிலும் துண்டுத்தாள் ஒட்டி அடையாளம் வைத்தேன். எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலிருக்கும் தகரத்தில் துளை போட்டு, முன் சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்துக்கு அத்தனையையும் இழுத்தேன். அண்ணன் முன்பு கொண்டு வந்த வெளிநாட்டு பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பெட்டியை அதற்குள் குடிவைத்தேன்.

இனி வயர் வருகிற துளைகளை அடைக்க வேண்டும். எங்கள் ஊரில் ரப்பர் பால் தீர்க்காத பிரச்சினை கிடையாது. வாளி ஒழுகினால் ரப்பர் பால், செருப்பு வாய் பிளந்தால் ரப்பர் பால். வீட்டு மரத்திலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை பால் எடுத்து, சீக்கிரம் உறைய ஆசிட்டும் கொஞ்சம் விட்டு, தகரத்துத் துளையையும் டின்னின் அடியையும் பக்கங்களையும் பூசி மெழுகினேன். கம்ப்யூட்டர் சூடாகுமே என்று மூடியில் மட்டும் ஆணியால் காற்றுக்குத் துளைகள் போட்டேன் (நிபுணர் அல்லவா). அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று மார்தட்டினேன். மேல் வழியாக உள்ளே போனால் ஒரு சொட்டும் வெளியே வராது என்பது மண்டையில் ஏறவில்லை.

சாவியைத் திருகினேன். சத்தியமாக, ஓடியது. சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளே போய் டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் சொன்னேன். கொட்டுகிற மழையில் பாறசாலை வரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு இருமல் கூட இல்லை. பக்கத்து சீட்டுதான் காலியாக இருந்தது.

ஏர்போர்ட்டில் அண்ணன் மெலிந்து வந்தான். பெட்டிகளைப் பின்னால் ஏற்றி, முன் சீட்டுக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடித்தான்.

“என்ன நாத்தம்லே இது? எலி செத்துக் கெடக்கா?”

“ரப்பர் பாலுண்ணே. கொஞ்சம் புளிச்சுப் போச்சு.”

“காருக்குள்ள என்னத்துக்குலே ரப்பர் பாலு? இந்த டின்னு என்னது?”

“அது காருக்க மூளையாக்கும். மழையில நனையாம உள்ள கொண்டு வந்துட்டேன். நீ கால மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வச்சுக்க.”

அண்ணன் டின்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பொன்னு மாதிரி ஓடுதுன்னு சொன்னியே மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்ஃப் பேண்ட்டும் ஷூவுமாக சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மழை வலுத்தது. கார் நிற்கவில்லை. நெய்யாற்றின்கரை சந்தை வந்ததும் அண்ணன் நிறுத்தச் சொன்னான். பொழியூரிலிருந்து வந்த ஒரு அக்கா அயலை மீன் வைத்திருந்தாள். பேரம் பேசாமல் வாங்கினான். ஐஸோடு சேர்த்து அள்ளிப் போட்ட பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு, நனைந்தபடி ஓடி வந்தான்.

“நீயே குழம்பு வைக்கணும் கேட்டியா. அம்மை வைக்கிற மாதிரி தேங்கா அரைச்சு, மாங்கா போட்டு. மாமியாருக்க குழம்பு கொள்ளாம், ஆனா அது நம்ம குழம்பு இல்லலே. ரெண்டு வருசமா நாக்கு செத்துக் கெடக்கு.”

சொல்லிக்கொண்டே ஏறினான். பின்னால் முழுக்கப் பெட்டிகள். மடியில் வைத்தால் பேண்ட் நாறும். மீன் கவரை டின்னின் மேல் வைத்துவிட்டு மறுபடி சம்மணம் போட்டுக்கொண்டான்.

நான் பார்த்தேன். மூடியில் துளை இருப்பது எனக்குத் தெரியும். ‘அண்ணே, அங்க வைக்காத’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவன், “சாயங்காலம் கல்லறைக்குப் போயிட்டு வந்து, சூடா சோறு பொங்கி ரெண்டு பேருமா இருந்து உண்ணலாம்” என்றான். இப்படிப் பேசுகிறவனிடம் மீனை எடு, டின் நனையும் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். கவர் புதுசு, ஒழுகாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கவர் ஒழுகியது. அமரவிளைப் பாலம் தாண்டியதும் கார் இருமியது, குலுங்கியது, சோதனைச்சாவடிக்கு நேர் முன்னால் போய் நின்றது. நின்றது என்றால் அப்படியொரு நிற்பு. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு சாவடி அதிகாரி ஒருவர் வந்தார். கார் நிறைய கல்ஃப் பெட்டிகள், முன் சீட்டில் சம்மணம் போட்ட ஒரு ஆள், அவர் முன்னால் வயர் வயராக வெளியே வரும் ஒரு டின், அதன் மேல் மீன். எந்த அதிகாரிக்கும் அன்றைக்குப் பதவி உயர்வு கிடைத்துவிடும் என்றே தோன்றும்.

“எந்தா இது?” என்று டின்னைக் காட்டினார்.

“சாரே, இது வண்டியுடெ மூளையாணு” என்றேன், எனக்குத் தெரிந்த மரியாதையான மலையாளத்தில்.

“துறக்கு.”

மீனை எடுத்து அண்ணன் மடியில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். டின் விளிம்பு வரைக்கும் மீன் தண்ணீர். சொட்டு விடாமல் பிடித்து வைத்திருந்தது என் ரப்பர் பால். அதற்குள் கம்ப்யூட்டர் முங்கிக் கிடந்தது, மேலே மீன் செதில்களும் ஒரு துண்டு ஐஸும் மிதந்தன. புளித்த ரப்பரும் அயலையும் சேர்ந்து கிளம்பிய வாடையில் அதிகாரி இரண்டடி பின்னால் போனார். பிறகு குனிந்து நன்றாகப் பார்த்தார். காரில் மீன் வளர்க்கிறாயா என்று மலையாளத்தில் கேட்டார், சாவடியில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். அத்தனை பேர் என் வேலையைப் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

பெட்டிகளைச் சோதித்துவிட்டு அதிகாரியே உதவி செய்தார். பாறசாலையில் ஆளை இறக்கிவிட்டுத் திருவனந்தபுரத்துக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டாக்சியை நிறுத்தினார். போகிற வழியில் வேண்டுமானால் காட்டாக்கடைக்குத் திருப்பி விடுகிறேன், வந்த வழியே மறுபடி குன்னத்துகாலுக்கு வரமாட்டேன் என்றான் டிரைவர்.

அண்ணன் என்னைப் பார்த்தான். பெட்டிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

“நீ போண்ணே” என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன்.

“வேண்டாம்லே. வேற வண்டி கிட்டுமான்னு பாப்போம்.”

“மழையில எங்க கிட்டும்? நீ போ.”

“உன்ன இப்பிடி நடு ரோட்டுல விட்டுட்டா?”

“நான் காரக் கொண்டு வாறேன். பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும், நீ போண்ணே.”

அவன் என் பேச்சைக் கேட்டுவிட்டான். அவ்வளவு நன்றாக நான் சொல்லியிருக்க வேண்டாம். மீன் கவரை என் கையில் கொடுத்து, “ஞாயிறாழ்ச்ச வாறேன் மக்கா, குழம்பு வச்சு வை” என்றான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அயலை தாங்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டாக்சி பாலத்தின் மேல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. லாரிக்காரர்கள் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.

அங்கேதான் அதைக் கண்டேன். கண்ணாடிக்கு அடியில் மழைத்தண்ணீர் வழிந்து போக ஒரு வடிகால் இருக்கிறது. அது நிறைய ரப்பர் இலைச் சருகு. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கித்தான் பழைய இடத்தில் பெட்டி நனைந்திருக்கிறது. சருகைக் கையால் அள்ளி எறிந்தேன். ஒரு பிடிதான் இருந்தது.

ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டிக் காரை வீட்டுக்கு இழுத்து வந்தேன். சாயங்காலம் தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாகவே வந்தது. வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அண்ணன் கல்ஃபை விட்டு வந்து காட்டாக்கடையிலேயே வீடு கட்டிக்கொண்டான். நான் இன்னும் அதே வீட்டில்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே போவேன். சாப்பாடு முடிந்ததும் யாராவது, “அந்த மூளைக் கதைய சொல்லுங்க” என்பார்கள். அண்ணன் நாற்காலியில் சம்மணம் போட்டு ஆரம்பிப்பான். அதிகாரி மாதிரி மூக்கைப் பிடிப்பான், என் மலையாளத்தைப் பேசிக் காட்டுவான். வீடே உருளும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறவன் நான்தான்.

ஆனால் அவன் சொல்கிற கதையில் டாக்சி கிடையாது. எந்த வருஷம் அதை விட்டான் என்று எனக்கு ஞாபகமில்லை. அவன் கதையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, மழையில் காரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம். நான் குழம்பு வைத்தேன். “வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. ஆனாலும் சட்டிய வழிச்சாக்கும் உண்டோம்” என்று முடிப்பான். மதினிக்கு உண்மை தெரியும், அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் பேத்தி என் பக்கம் திரும்பினாள். “அப்பிடியா சின்ன தாத்தா, அவ்வளவு உப்பா?”

“ஆமா மக்கா” என்றேன். “அன்னைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு.”