ஏரிக்கரை விருந்து பற்றிய தடைச் சட்டம்

கடல் தாண்டிக் கப்பலில் வந்தவர்கள் ஆண்ட புதுத்தரை நாட்டில், சரித்திரத்துக்கென்றே ஓர் அமைச்சர் இருந்தார். மற்ற நாடுகளில் சரித்திரம் நடந்து முடிந்துவிடும். அங்கே அதை ஆண்டுதோறும் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

நாட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி. அதன் கரையில், கப்பல் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நாணல் மக்கள் குடியிருந்தார்கள். வந்த புதிதில் கப்பல்காரர்கள் அவர்களுக்கு ஏரிக்கரையில் பெரிய விருந்து வைத்ததாகவும், உண்ட களைப்பில் விருந்தாளிகளில் பலர் எங்கோ போய்விட்டதாகவும் பள்ளிப் புத்தகம் சொன்னது. அந்த இடத்தில் ஒரு தூணும் உண்டு. விருந்து வைத்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன, சாப்பிட்டவர்களின் பெயர்கள் இல்லை.

அன்று நடந்தது விருந்தல்ல, கொலை என்று நாணல் மக்களுக்குத் தெரியும். அவர்களிடம் ஒரு வழக்கமும் உண்டு. ஒரு கொலையைச் சொன்னால், கொன்றவன் வீட்டார் அதைக் கேட்டுத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் துக்கம் இறங்கும். இறங்கும்வரை உயிர் போன தண்ணீரில் வலை போடக் கூடாது. கப்பல்காரர்கள் யாரும் சொல்லவில்லை. அதனால் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த தும்பை, தலை நரைக்கிற வயதிலும் சந்தையில் கருவாடு வாங்கித்தான் குழம்பு வைத்தாள். சந்தையே சிரித்தது. அவளுக்கு அடுப்படியில் அழுகை வரும்.

இப்படி இருக்கையில் அரசு ஓர் ஆணை போட்டது. மீன் பிடிக்காதவர்களுக்கு ஏரி எதற்கு? அடுத்த மழைக்குள் வலை வீசாவிட்டால், ஏரி பிரபுக்களின் படகுச் சவாரிக்குப் போய்விடும்.

நாணல் மக்கள் தலைநகருக்குப் போய் முறையிட்டார்கள். பேரவை மனம் உருகியது. ஏரியைக் கேட்டவர்களுக்குப் பேரவையில் ஒரு நாற்காலி கொடுத்தது. அதில் உட்கார அவர்கள் தும்பையை அனுப்பினார்கள். உட்கார்ந்தவள் பேசலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாற்காலியே அதிகம், குரல் வேண்டாம் என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அண்டை நாடுகள் இதைக் கேலி பேசியதால், அரசு உண்மை வாரம் ஒன்றை அறிவித்தது. அந்த வாரம் மட்டும் தும்பை உண்மையைச் சொல்லலாம், ஆனால் உறுப்பினர்கள் சாப்பிடப் போகும் வேளையில்தான் சொல்ல வேண்டும். அவளும் வெற்று இருக்கைகளைப் பார்த்துச் சொன்னாள். சுவர் திருப்பிச் சொன்னால் அது கணக்கில் வராது. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சரித்திர அமைச்சர் மகுடேசர் எழுந்தார்.

“அம்மையார் கூறியதை இனி இந்நாட்டில் எவரும் எங்கும் கூறலாகாது எனச் சட்டம் முன்மொழிகிறேன்.”

அவைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “எதைக் கூறலாகாது என்பதை முன்மொழிபவர் தம் வாயால் முழுமையாகக் கூற வேண்டுமே, அமைச்சரே. தெரியாமல் யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா?”

“மிகச் சரி. ஆனால் அவர் கூறியபோது நான் பாயசத்தில் இருந்தேன்.” அமைச்சர் தும்பையின் பக்கம் திரும்பினார். “அம்மையாரே, தடை செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லுங்கள்.”

தும்பை எழுந்து நின்றாள்.

“நான் சொல்றத அப்படியே சொல்லுங்கய்யா. விட்டுப்போனது தடையில சேராது.”

“அறிவேன்.”

“பொழுது விடியற நேரம். எங்க ஆளுங்க வலையோட கரைக்கு வந்தாங்க.”

“பொழுது விடியும் நேரம். நாணல் மக்கள் வலையோடு கரைக்கு வந்தார்கள்.”

“கப்பல்காரங்க துப்பாக்கியோட நாணலுக்குள்ள ஒளிஞ்சிருந்தாங்க.”

பேரவையில் மூதாதையரைக் கப்பல்காரர்கள் என்பது மரியாதை அல்ல. அமைச்சர் தொண்டையைச் செருமினார். “நம் முன்னோர்கள் துப்பாக்கியோடு நாணலுக்குள் ஒளிந்திருந்தார்கள்.”

“சுட்டாங்க. தண்ணிக்குள்ள ஓடினவங்களையும் விடல.”

“நம் முன்னோர்கள் சுட்டார்கள். தண்ணீருக்குள் ஓடியவர்களையும் விடவில்லை.”

“இடுப்புல பிள்ளையோட நின்னவளையும் விடல. பிள்ளையையும் விடல.”

அமைச்சர் தும்பையைப் பார்த்தார்.

“இதையும் சேர்க்க வேண்டுமா, அம்மா?”

“விட்டுட்டா நாளைக்கு யாராச்சும் சொல்லிடுவாங்களேய்யா.”

அவர் சொன்னார். மேடைக் குரல் எங்கோ போயிருந்தது. தன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வைத்தியரிடம் சொல்கிறவர் போலச் சொன்னார். தும்பை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள். அழ அழ நெஞ்சு லேசானது. அவளுக்குப் பசிக்கக்கூடச் செய்தது.

சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. மழைக்கு முன்பே நாணல் மக்கள் வலை வீசினார்கள். வலை கொள்ளாமல் கெண்டை விழுந்தது. ஏரியை அளக்க வந்த அதிகாரிகள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அன்று தும்பையின் வீட்டுக் குழம்பு தெருவெல்லாம் மணந்தது.

தெரியாமல் யாரும் குற்றம் செய்துவிடக் கூடாது என்பதால், ஆண்டுதோறும் ஊர்ச் சதுக்கங்களில் அதிகாரிகள் தடைச் சட்டத்தை உரக்கப் படித்தார்கள். எதைச் சொல்லக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஏரிக்கரைத் தூணைத் தாண்டும்போது கப்பல்காரர் வீட்டுப் பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, நல்ல மனம் படைத்த புதிய அமைச்சர் ஒருவர் வந்தார். இந்த அநியாயத் தடையை நீக்கப் போவதாக அறிவித்தார். கேட்ட மறுநாளே தும்பை ஊரைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு ஓடிவந்தாள்.

“தடை இருந்துட்டுப் போகட்டும் சாமி,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். “அத எடுத்துட்டா, உங்க ஆளுங்க அப்புறம் எதுக்கு அதச் சொல்லப் போறாங்க?”