கை எட்டாத மூலை

நேற்று மாலை தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக்கிய இரும்பு, இன்று கோப்பி குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தது. சிவநேசன் விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் நுனியில் துரு ஒட்டியது.

"தேய்க்கத் தேய்க்க வருது வாசு."

"தேய்க்காம விட்டுப் பாருங்களேன்," என்றாள் அவன் மனைவி வாசுகி, துணி காயப்போட்டபடியே. "உங்க கை எட்டாத அந்த மூலைக்கு ஒண்ணும் ஆகலையே."

"அது பழைய துரு. இது புதுத் துரு. உனக்குப் புரியாது."

அவளுக்குப் புரியவில்லைதான். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டு முன் கொட்டகையில் நின்றது, ராணுவம் லேலாங்கில், அதாவது ஏலத்தில், விற்ற ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டம். நான்கு சக்கரம், ஒரு ஸ்டீரிங், மற்றபடி வெறும் எலும்பு. புக்கிட் செலம்பாவில் ஒரு காண்ட்ராக்டரின் கிடங்கில் முப்பது வருடமாகச் சாக்குக்கு அடியில் தூங்கியதைச் சிவநேசன் தட்டி எழுப்பிக் கொண்டுவந்தான். தலை முதல் கால் வரை செங்காவி நிறம். பார்த்தவுடன் "முழுக்கத் துரு" என்று தீர்ப்புச் சொல்லி, அன்றே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டான்.

அவன் மேல் குற்றமில்லை. கோலா கெத்தில் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஓட்டை தேடுவது அவன் வேலை. அப்படிப் பழகிய கண்ணுக்கு முழுசாக இருக்கிற எதையும் நம்பத் தெரியாது.

அவன் கனவு காண்கிற ஆள் என்பதும் ஊருக்குத் தெரியும். பாதி கட்டிய மீன் தொட்டி, பாதி சாயம் கண்ட வேலி என்று வீட்டைச் சுற்றி அதற்கான சாட்சிகள் நின்றன. அதனால்தான் தோட்டத்து மாரியம்மன் கோயில் கூட்டத்தில், "போன வருசம் டிரெய்லர் ஒடஞ்சு அம்மன் பாதி வழியில நின்னுட்டா. இந்த வருசம் தேரை என் ஜீப்பு மேல கட்டுங்க, டிராக்டர் இழுக்கட்டும், ஸ்டீரிங்க நான் புடிக்கிறேன்," என்று அவன் எழுந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். கோயில் தலைவர் பக்கிரிசாமிகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வாசுகி எழுந்தாள்.

"முடிச்சுக் குடுப்பாரு. நான் சொல்றேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து சிவநேசனுக்கு நிம்மதி இல்லை. தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது பழகிப்போனது. அவளைப் பார்த்துச் சிரித்தால் அவனால் தாங்க முடியாது.

சித்ரா பௌர்ணமிக்குப் பதினாறு நாள் இருந்தது. கண்ணை மூடினால் அந்தக் காட்சி தானாக வந்தது. ஜெராய் மலைமேல் மேகம் ஒதுங்குகிறது. செம்பனை மரங்களுக்கு மேலே நிலா. அம்மன் மெல்ல ஆடி ஆடி வருகிறாள். அடியில் சட்டம் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் மினுங்குகிறது. பக்கத்தில் வாசுகி தலை நிமிர்ந்து நடந்து வருகிறாள். அதற்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. துரு பிடிக்காமல் அடியில் எந்தப் பிரைமரை அடிப்பது?

சுங்கைப் பட்டாணியில் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் நூர்தீன் யோசிக்கவே இல்லை.

"ரெட் ஆக்சைடு எடுத்துட்டுப் போங்க தம்பி. எல்லாரும் அதான் அடிக்கிறாங்க."

"செவப்பு வேணாம் பாய். துருவைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

"அப்ப ஜிங்க். சாம்பல் கலரு. கடல் காத்துக்கே அசையாது."

"மஞ்சத் தண்ணி தாங்குமா?"

நூர்தீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். "மழைத் தண்ணி போட்டிருக்கான். உப்புத் தண்ணி போட்டிருக்கான். மஞ்சத் தண்ணி போடலையே."

"எளநி? எலுமிச்சம்பழம்?"

"தம்பி, நீங்க பெயிண்டு ஜீப்புக்கு அடிக்கிறீங்களா, மீன் கறிக்கா?"

கேள்வி ஜீப்புக்காகத்தான். தேர் வாசலுக்கு வாசல் நிற்கும். குடம் குடமாக மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், சக்கரத்தில் எலுமிச்சை நசுங்கும். எல்லாம் வழிந்து சட்டத்தில்தான் இறங்கும்.

சிவநேசன் ஆறு பிஸ்கட் டின் மூடிகளில் ஆறு விதப் பிரைமரை அடித்து, ஒவ்வொன்றுக்கும் தினமும் தனித்தனியாக அபிஷேகம் செய்தான். ஜிங்க் மூடியில் எலுமிச்சை பிழிந்ததும் குமிழி கிளம்பியது. "ஓட்டை," என்று தள்ளி வைத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் மதியம் மழை பெய்தது. ஆறு நாளும் காலையில் சட்டம் ஆரஞ்சாக நின்றது, அவன் மறுபடி தேய்த்தான்.

"தஞ்சோங் டாவாய்க் கடற்கரைக்குப் போ லா," என்றார் பார்க்க வந்த பக்கிரிசாமி. "படகு உப்புத் தண்ணியிலயே கெடக்குது. அதுக்கு அடிக்கிறதை இதுக்கு அடி."

போனான். மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் பெயர் இல்லாத டின் ஒன்றைக் கொடுத்தார். அடித்தான். மூன்று நாள் ஆகியும் அது காயவில்லை. கொசு ஒட்டியது, வேப்பிலை ஒட்டியது, அடுத்த வீட்டுக் கோழி குறுக்கே நடந்து பாதி இறகை விட்டுப் போனது.

"எல்லாரும் தேர்ல மயில் எறகு வைப்பாங்க," என்றாள் வாசுகி.

தின்னர் ஊற்றிக் கழுவவே இரண்டு நாள். ஐந்து நாள் மிச்சம் இருக்கும்போது நூர்தீன் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "எப்பாக்ஸி. ரெண்டையும் கலக்கணும். கலந்தா அரை மணி நேரத்துல அடிச்சு முடிச்சிடணும், இல்லாட்டி கல்லா இறுகிடும். யோசிக்கக் கூடாது தம்பி."

சிவநேசன் ஒரு வாளியில் கலந்தான். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்தான். ஜெராய் மலைமேல் ஒரு மேகம் தேர் போலவே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலேயே அவனும் போய்விட்டான்.

வாசுகி தோளைத் தொட்டபோது பிரஷ்ஷைத் தூக்கினான். வாளியும் கூடவே வந்தது.

அவள் காலி டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சட்டம் முழுவதும் சிவப்பாக இருந்தது. பழைய கைலியில் சிவப்புத் தெறிப்புகளோடு வாசுகி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாய் மொத நாள் சொன்ன ரெட் ஆக்சைடுதான். உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெண்டு கோட்டு அடிச்சேன். காஞ்சிருச்சு."

"மஞ்சத் தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"அதை அம்மன் பாத்துக்குவா."

அவன் சட்டத்தைச் சுற்றி வந்தான். கிடங்கில் சாக்கை விலக்கியபோது முதலில் பார்த்த அதே செங்காவி நிறம். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"உன் வார்த்தையை நான் காப்பாத்தியிருக்கணும் வாசு."

"துருவை எடுத்தது நீங்கதானே," என்றாள் அவள். "அந்த மூலை மட்டும் எனக்கும் எட்டல."

திருவிழாவுக்கு முதல் நாள் காலை, தேருக்கு விளக்குக் கட்ட ராமையா வந்தார். ராணுவ வாகனப் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில்களுக்குச் சீரியல் லைட் போடுகிறார். பக்கிரிசாமியும் கூட வந்திருந்தார்.

"முடிச்சிட்டியேப்பா," என்றார் பக்கிரிசாமி. குரலில் சிரிப்பு இல்லை. வாசுகி தலை நிமிர்ந்து நின்றாள். கனவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

சிவநேசனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஒரு இஞ்ச் விடாம துருவைச் சுரண்டி எடுத்தேன்ணே. ஒரு மாசம். பின்னாடி அந்த ஒரு மூலைதான் கை போகல."

ராமையா டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். அந்த மூலையை நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது.

"தம்பி, இது துரு இல்ல. லேலாங்குக்குப் போறதுக்கு முந்தி எங்க பட்டறையில அடிச்ச ரெட் ஆக்சைடு, முப்பது வருசமா அப்படியே இருக்கு. மத்த எடத்துல இருந்ததை ஏன்பா சுரண்டுனீங்க?"