இரண்டாம் டோக்கனுக்கு நேர்ந்தது

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தினமும் காலையில் வரும் உங்கள் போன் பதினோரு நாளாக வராததால், அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பால் தினமும் பொங்கி வழிகிறது.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கண் ஆஸ்பத்திரியில் உங்களை நான் வேண்டுமென்றே காக்க வைக்கவில்லை. டோக்கன் புரோகிராம் என்னுடையது, தப்பும் என்னுடையது. ஆனால் போன மாதம் நீங்கள் “பொத்தானைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையாடா?” என்று கேட்டதற்குப் பழி வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களே, அது அநியாயம். அவ்வளவு துல்லியமாக எனக்கு எழுத வந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நடந்தது இதுதான்: பெயர்களை அர்ரேயில் வைத்திருந்தேன். அர்ரே என்றால் நெருக்கிப் போட்ட நாற்காலி வரிசை மாதிரி, நடுவில் காலி இடம் கூடாது, ஒருவர் எழுந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாற்காலி முன்னால் நகர வேண்டும். முதல் டோக்கன் உள்ளே போனதும் இரண்டாம் டோக்கனான நீங்கள் முதல் நாற்காலிக்கு வந்துவிட்டீர்கள். என் மக்கு புரோகிராமோ, முதல் நாற்காலியைத்தான் பார்த்தாயிற்றே என்று இரண்டாவதைப் பார்த்தது. அங்கே மூன்றாம் டோக்கன் உட்கார்ந்திருந்தார். இப்படியே ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று உள்ளே போக, நீங்கள் கண்ணில் சொட்டு மருந்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “எனக்கு அப்புறம் வந்தவனெல்லாம் மருந்து வாங்கிட்டு வீட்டுக்கே போயிட்டான், நான் என்ன இங்க குடியிருக்கவா வந்தேன்?” என்று நீங்கள் கேட்டதும், நர்ஸ் “கம்ப்யூட்டர் கூப்பிடலையே சார்” என்றதும், “அதை எழுதினவன் என் தங்கச்சி பையன்தான், முதல்ல அவனைக் கூப்பிடு!” என்று நீங்கள் முழங்கியதும் எனக்கு வந்து சேர்ந்தன. மங்கிய கண்ணோடு வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு போனீர்களாம். அதற்கும் அர்ரேவுக்கும் சம்பந்தமில்லை.

நியாயமாக லிங்க்டு லிஸ்ட் வைத்திருக்க வேண்டும். அதில் ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பிடித்திருப்பார்கள், ஒருவர் போனால் இரு பக்கத்தாரும் கை கோத்துக்கொள்வார்கள், வேறு யாரும் அசைய வேண்டாம். அதை எழுத நாலு நாள் ஆகும், எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதைக்குக் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டு வரும்படி ஒரே வரியில் மாற்றிவிட்டேன். ஒருவர்கூட விடுபட மாட்டார். பாதியில் விட்டு வந்த பரிசோதனையைத் தைரியமாகப் போய் முடியுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அம்மாவிடம் பேசுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

வயதில் சின்னவனும் கோபத்தில் உங்களுக்குக் குறையாதவனுமான,
மருமகன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. ஒருவரும் விடுபடவில்லை, ஆனால் கடைசியாக வந்தவரைத்தான் முதலில் கூப்பிடுகிறதாம். கண்ணைக் காட்ட விடியும்போதே போய் முதல் டோக்கன் வாங்கிய அம்மாவும், விட்ட பரிசோதனையை முடிக்க அவள் பின்னாலேயே வந்து இரண்டாம் டோக்கன் வாங்கிய நீங்களும் இன்னும் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடினேன். இருவரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. “அப்பாவோட பிடிவாதம் உனக்கு அப்படியே வந்திருக்கு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். “உனக்கு மட்டும் வரலையாண்ணா?” ஒரே சிரிப்பு. நர்ஸ் வந்து உங்கள் பெயரைச் சொன்னபோது நீங்கள் சொன்னீர்கள்: “வேற யாராச்சும் இருந்தா முதல்ல அனுப்பும்மா, நாங்க இன்னும் பேசி முடிக்கல.”