லிஃப்ட்டண்ணன் பார்த்த ஐரோப்பா

எழுபது நாள் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு, ஒரு கோபுரத்தைக்கூட அண்ணாந்து பார்க்காமல் திரும்பி வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் லிஃப்ட்டண்ணன். இதை நான் யாரிடமோ கேட்டுச் சொல்லவில்லை. அந்த எழுபது நாளில் ஒரு பத்து நாள் போக, மற்ற நாளெல்லாம் அவர் பக்கத்தில் நடந்தவன் நான்தான்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதோடு சரி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் நான்கு பேர் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். அவருக்குப் பின்னறை. பந்திங்கில் பிறந்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கிள்ளானிலிருந்து காஜாங் வரைக்கும் எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனாலும் போய் ஓடவைப்பது அவர் வேலை. பகலெல்லாம் ஊரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் லிஃப்ட் இல்லாத எங்கள் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி ஏறி வருவார். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்.

பேச்சு அவருக்கு ரேஷன் மாதிரி. ஒரு நாளைக்கு நான்கு சொல். காலையில் "தண்ணி வரல" என்று சொல்லிவிட்டால் பாதி ரேஷன் தீர்ந்துவிடும். மீதி இரண்டைச் சாயங்காலம் வரை பத்திரமாக வைத்திருப்பார்.

நான் அப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்தேன். என் கல்லூரி நண்பன் சுரேஷும் நானும் ஐரோப்பா போவதாக இரண்டு வருடம் திட்டம் போட்டிருந்தோம். நான் சம்பளமில்லாத லீவும் வாங்கி வைத்திருந்தேன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது சுரேஷ் போன் செய்தான்.

"மச்சான், சாரி லா. சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருச்சு. அடுத்த மாசமே ஜாய்ன் பண்ணணுமாம்."

நான் அடுப்படியில் போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் லிஃப்ட்டண்ணன் சட்டியிலிருந்தே மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வரலையாமா?"

"வரலையாம் அண்ணே."

இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். "நான் வரட்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

"எதுக்குண்ணே வேலைய விட்டீங்க?"

"எனக்கு எழுபது நாள் லீவு எவன் தருவான்? லிஃப்ட் எல்லா ஊர்லயும் நிக்குது. வேலை கெடைக்கும்." பிறகு காரணத்தையும் சொன்னார். "ப்ராக்ல கதவே இல்லாத லிஃப்ட் ஒன்னு இருக்கு. நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும், நாமதான் தாவி ஏறணும். ட்ரெய்னிங்ல படத்துல பாத்தேன். நேர்ல பாக்கணும்."

விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்து, அவருடைய ஸ்குரூடிரைவரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாரிஸில் அந்தப் புகழ்பெற்ற இரும்புக் கோபுரத்துக்குப் போனோம். அதன் காலுக்குள்ளே லிஃப்ட் சாய்வாக ஏறுகிறது. அண்ணன் காலடியிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் மேலே போய் ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினேன். அவர் அதே இடத்தில் லிஃப்ட்டை இழுக்கிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஊர் முழுக்கத் தெரியுதுண்ணே."

"ஊர் இங்கயே தெரியுதே."

நான் கோபுரத்தைப் பற்றி எது சொன்னாலும் இதைவிட நல்ல பதில் அவரிடம் இருக்கும் என்று தெரிந்ததால் அடுத்த இடத்துக்கு வழி தேடினேன்.

வினை மிலானில் வந்தது. காலை பத்து மணிக்கு வெனிஸ் ரயில். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பழைய குடியிருப்பின் வாசல் திறந்திருந்தது. உள்ளே கூண்டு மாதிரிக் கம்பி போட்ட லிஃப்ட். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணவில்லை. உள்ளே ஓடினேன். லிஃப்ட்டண்ணன் தரையில் குப்புறப் படுத்து லிஃப்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் ஒரு வயதான அம்மாள் இத்தாலிய மொழியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து, சட்டையைத் தட்டி, பர்ஸிலிருந்து தன் லிஃப்ட் டெக்னீஷியன் அட்டையை எடுத்து நீட்டினார். அது மலாயில் இருந்தது. அம்மாள் கண்ணாடி போட்டுத் தலைகீழாகவே படித்தார். என்ன புரிந்ததோ, அண்ணன் கையைப் பிடித்து லிஃப்ட்டுக்குள் அழைத்துப்போய், மூன்றாவது மாடி வரும்போது அது எப்படித் தூக்கிப் போடுகிறது என்று உடம்பைக் குலுக்கிக் காட்டினார். அண்ணன் சுவரில் காது வைத்துக் கேட்டார். "கயிறு போச்சு. இதுல ஏறக் கூடாது" என்றார் தமிழில். அம்மாள் தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் கட்டடத்துக் கிழவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் செய்ய ஆள் பிடித்து, கதவில் எச்சரிக்கைக் காகிதம் ஒட்டி, ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை காப்பி குடித்து முடித்தபோது மணி பன்னிரண்டு.

ஸ்டேஷனில் எனக்கு வெடித்துவிட்டது.

"வெனிஸ்ல லிஃப்ட் இருக்காதுன்னு வேணும்னே பண்ணீங்களாண்ணே? உங்களக் கூட்டிக்கிட்டு வந்ததே தப்பு. சுரேஷ் வந்திருந்தா நான் இப்ப வெனிஸ்ல இருந்திருப்பேன்."

அவரிடம் ரேஷன் மிச்சம் இருந்திருக்கும், ஆனால் எடுக்கவில்லை. பையைத் திறந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருந்த ஒரே பிளக் அடாப்டரை என் கையில் வைத்தார்.

"நீ உன் எடத்தெல்லாம் பாரு. நான் ப்ராக்ல இருக்கேன். பத்து நாள்ல வா."

அவருடைய முதுகு மூட்டை கூட்டத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

வெனிஸ் அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டு "நல்லா இருக்குல்ல?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், நல்லா இருக்கிற இடம்தான் ரொம்பக் கஷ்டம். படம் எடுத்து சுரேஷுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. தங்கும் விடுதிகளில் எட்டுக் கட்டில் அறை. முதல் கேள்வி எந்த நாடு, இரண்டாவது கேள்வி அடுத்து எங்கே, மூன்றாவது கேள்விக்குள் அவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். ஒரு வாரத்தில் முப்பது பேரோடு பேசியிருப்பேன். ஒருவர் பெயரும் நினைவில் இல்லை.

புடாபெஸ்ட் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் காய்ச்சல். எழுந்தால் அறை சுற்றியது. என் அறையில் இருந்த ஏழு பேரும் ஊர் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு, நல்லபடியாக இரு என்று சொல்லிப் போனாள். அன்றைக்குத்தான் என் பிறந்தநாள் என்பது வேறு. கிள்ளானில் இருக்கிற அம்மாவுக்குச் சொன்னால் ஊரே அழும். சுரேஷைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மிச்சம் இருந்த எண் ஒன்றுதான்.

"அண்ணே, எனக்கு முடியலண்ணே."

நான் அதுவரை கேட்டிராத ஒரு நிதானமான குரலில் கேட்டார்.

"உள்ள லைட் எரியுதா?"

"எரியுது."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது."

"சரி. பதறாத. கதவத் தொறக்க ட்ரை பண்ணாத. கீழ உக்காந்துக்க. ஆள் வந்துக்கிட்டு இருக்கு."

காய்ச்சலில் காது தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தேன். "அண்ணே, நான் ஹாஸ்டல்ல கட்டில்ல படுத்திருக்கேன்."

"தெரியும் லா. அப்ப படுத்துக்க. போன வைக்காத."

ப்ராகிலிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில் ஏழு மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு சொல் பேசுகிற மனிதர் அந்த ஏழு மணி நேரமும் பேசினார். "இப்ப ஒரு ஸ்டேஷன். பேர் படிக்க முடியல." "மாடு நிக்குது. ஆறு மாடு. ஒன்னு வெள்ள." "பக்கத்து சீட்டுல ஒருத்தர் ரொட்டி சாப்பிடுறார், எனக்கும் குடுத்தார்." "தூங்கிட்டியா?" "இல்லண்ணே." "தூங்கு. நான் லைன்லதான் இருக்கேன்." நான் தூங்கி எழுந்தபோதும் போன் காதில் சூடாக இருந்தது. அவர் மறுபடியும் மாடு எண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்து சேர்ந்தார். மாத்திரை கொடுத்து, விடுதி அடுப்படியில் அரிசி தேடிக் கஞ்சி வைத்தார். போனில் ஏன் அப்படிக் கேள்வி கேட்டார் என்று நான் கேட்டதற்கு, ஆரஞ்சு உரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட அப்படித்தான் பேசணும். ரூல். தொறக்குற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா பயந்துருவாங்க. சாலாக் செலாத்தான் ஃப்ளாட்ல ஒரு டீச்சரம்மா ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க. வீட்டுக்காரர் கதை, மகன் ஆஸ்திரேலியா போன கதை, எல்லாம் சொன்னாங்க. நான் சாப்பிட்டேனான்னுகூட கேட்டாங்க."

"அப்புறம்?"

"கதவு தொறந்துச்சு. போயிட்டாங்க." ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "அவங்க மேல தப்பு இல்ல. அவ்வளவு நேரம் அடைஞ்சு கெடந்தா யாரா இருந்தாலும் வெளிய ஓடத்தான் பாப்பாங்க."

நான் மிலானில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் இன்னொரு சுளையை என் வாயில் வைத்துவிட்டார்.

உடம்பு தேறியதும் ப்ராகுக்குப் போனோம். அப்போதுதான் தெரிந்தது, அங்கே ஒரு வாரம் இருந்தும் அவர் அந்த லிஃப்ட்டைப் போய்ப் பார்க்கவே இல்லை. "நீ வரட்டும்னு இருந்தேன்" என்றார்.

அது ஒரு பழைய அலுவலகக் கட்டடம். பெட்டி பெட்டியாக, கதவு இல்லாமல், ஒரு பக்கம் ஏறிக்கொண்டும் மறு பக்கம் இறங்கிக்கொண்டும் ஓயாமல் சுற்றியது. கோப்புகளோடு வந்த பெண்கள் பேருந்தில் ஏறுவது மாதிரி சாதாரணமாக ஏறிப் போனார்கள். பதினான்கு வருடம் லிஃப்ட்டோடு வாழ்ந்த எங்கள் அண்ணன் மட்டும் தரையிலேயே நின்றார். ஒரு காலை நீட்டுவார், இழுத்துக்கொள்வார். இருபது நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தாவினார்.

அப்புறம் இறங்கவே இல்லை.

நான் தரைத்தளத்தில் நின்றேன். அவர் உச்சிக்குப் போய்ச் சுற்றி மறு பக்கம் இறங்கி வருவார். முதலில் காலணி தெரியும், பிறகு வயிறு, பிறகு முகம். தரைக்கு அடியில் போய் மறுபடியும் இந்தப் பக்கம் தலையோடு முளைப்பார். மூன்றாவது சுற்றில் இறங்கி வரும்போது பேச ஆரம்பித்தார்.

"தம்பி, நான் இத பாக்க மட்டும் வரல." அடியில் போய்விட்டார். தலை முளைத்தது. "இதயும் பாக்கத்தான் வந்தேன். அது வேற." மேலே போய்விட்டார்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி அடுத்த பகுதிக்குக் காத்திருந்தேன். காலணி வந்தது.

"அந்த வீட்டுல ஆறு வருஷமா இருக்கேன்ல." மறைந்தார். முளைத்தார். "என் ரூம் கதவ யாரும் தட்டினதே இல்ல."

இரண்டு நிமிடம். காலணி.

"நீ ஒரு தடவ தட்டின."

அடியில் போய்த் தலை முளைத்தது. "அயர்ன் பாக்ஸ் கேட்டு."

எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் அப்படித் தட்டியது நினைவுக்கு வரவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து ஒரு பதிலைத் தயார் செய்து வைத்தேன். அடுத்த சுற்றில் அவர் வரும்போது பக்கத்தில் கோப்போடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவர் முன்னால் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே பேசாமல் என்னைத் தாண்டி இறங்கிப் போனார். அந்த அம்மாள்தான் கடைசியில் அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு அவர் சொன்னபடியே வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி காஜாங் போய் சாத்தே, அதாவது குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி, ஆளுக்குப் பத்துக் குச்சி சாப்பிடுவோம். பேச்சு பழையபடி நான்கு சொல்தான். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு அவரைக் கடல் தாண்டிக் கோத்தா கினபாலுவுக்கு மாற்றினார்கள். விமான நிலையத்துக்கு நானும் போனேன்.

"எதுக்கு லீவு போட்ட?"

"சும்மாதான்."

அவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

இப்போது நான் கிள்ளானில் தனி வீட்டில் இருக்கிறேன். அலுவலகத்தில் இளசுகள் ஐரோப்பா போகத் திட்டம் போட்டுக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். எந்த ரயில், எந்த ஊர் என்று சொல்வேன். "உங்களுக்கு எது அண்ணே பிடிச்சது?" என்று கேட்பார்கள். ஏழு மணி நேரம் யாரோ மாடு எண்ணியதைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. அதனால் வெனிஸ் என்று சொல்லி வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் காஜாங் போகிறேன். பத்துக் குச்சி என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருபது என்றுதான் வாயில் வருகிறது.